விசாரிக்க வந்தவள்

காரைக்குடி
ஏப்ரல் 24

திரு. சரவணகுமார் அவர்களுக்கு,

சத்தியப்பிரியா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். குழந்தை முகையும் நீங்களும் அத்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எப்படி விளிப்பது என்று தெரியாமல் இரண்டு தாள் வீணானது. முன்பு எழுதியதை இப்போது எழுத முடியாது. வெறும் பெயர் என்றால் கோபம் போலத் தெரிகிறது. திரு போட்டதும் வங்கி மேலாளருக்கு எழுதுவது போல ஆகிவிட்டது. இருக்கட்டும்.

உங்களோடு போனில் பேச வேண்டாம் என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் ஒருத்தி கடிதம் எழுதுவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. இதை நீங்கள் உங்கள் வக்கீலிடம் காட்டலாம். காட்டுவீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன்.

விஷயம் வீடு. சமரச மையத்தில் நம் இருவரிடமும் பேசிய அம்மாள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி திறப்பதற்குள் நான் ஒரு வீடு பிடித்து, வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்தால், முகை என்னோடு இருந்து இங்கே படிக்கலாம். லீவுக்கு உங்களிடம் வருவாள். வீடு இல்லையென்றால் இந்த வருடமும் ஓசூர்தான். நான் இருக்கும் பெண்கள் விடுதியில் குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. அந்த அம்மாள் சொன்னபோது நீங்கள் உடனே தலையாட்டினீர்கள். உங்கள் நல்ல மனது என்று அன்று நினைத்தேன். தனியாக ஒரு பெண்ணுக்கு இந்த ஊரில் வீடு கிடைக்காது என்று தெரிந்துதான் ஆட்டினீர்களோ என்று இப்போது நினைக்கிறேன்.

கழனிவாசலில் ஒரு வீடு. கீழ்த்தளம், வேப்பமரம், நல்ல காற்று. வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர். என் ஆதார் அட்டையை வாங்கிச் சத்தமாகப் படித்தார். அதில் இன்னும் உங்கள் பெயர்தான் இருக்கிறது. அவுக எங்க இருக்காக என்றார். ஓசூர் என்றேன். அவுக அங்குட்டு, நீங்க இங்குட்டு, இது என்னம்மா குடும்பம் என்றார். அப்புறம் அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது, மகன் குடிவரப்போகிறானாம். டூலெட் போர்டு இன்னும் தொங்குகிறது. வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து தினமும் பார்க்கிறேன்.

நூறடி ரோடு பக்கம் ஓர் அபார்ட்மென்ட். சங்கச் செயலாளர் வெங்கட்ராமன் என்பவர் ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா என்றார். நான் ஃபேமிலிதான் சார் என்றேன். ஒருத்தர்தானே நிக்கிறீங்க என்றார். குழந்தை உண்டு என்றேன். எங்கே என்றார். வீடு கிடைத்தால் வரும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, குழந்தை வந்ததும் வாங்க, வீடு தரலாம் என்றார். கேலி செய்கிற முகமே இல்லை.

இன்னொரு அம்மா வீட்டுக்குள் கூப்பிட்டு மோர் கொடுத்தார். நீங்க எந்தப் பக்கம் என்று கேட்டார். சிவகங்கை என்றேன். அது ஊரு, நீங்க எந்தப் பக்கம் என்று திரும்பக் கேட்டார். மோரைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

புரோக்கர் ஐயனாருக்கு என்மேல் வருத்தம். மேடம், நீங்க ரொம்ப உண்மை பேசுறீக, வாடகை வீட்டுக்கு அம்புட்டு உண்மை ஆகாது என்கிறார். உங்க வீட்டுக்காரர் மஸ்கட்டுல இருக்காகன்னு சொல்லிருங்க, அம்புட்டுத் தூரம் போயி யாரு பார்க்கப்போறாக என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும், இந்த ஊரைப் பொறுத்தவரை நீங்கள் மஸ்கட்டில் இருக்கிறீர்கள்.

ஆனால் அடுத்துப் பார்த்த வீட்டில் அதற்கு வேலையே இல்லாமல் போனது. அதுதான் எனக்கு உறுத்தல்.

செக்காலைப் பகுதிக்குப் பின்னால் ஒரு தெரு. புதிதாகக் கட்டிய மாடி வீடு. கீழே வாடகைக்கு, மேலே சொந்தக்காரர்கள். பெத்தாச்சி என்று ஒருவர், அவர் மனைவி சிட்டாள் ஆச்சி, மகள் தீக்ஷா. இரண்டு அறை. கூடத்தில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். சம்பை ஊற்றின் நல்ல தண்ணீர் குழாயில் வருகிறது. தனியாக இருக்கப்போகிறவள் கேட்டுத்தானே ஆகவேண்டும் என்று எல்லாவற்றையும் கேட்டேன். முன்னால் இருந்தவர்கள் ஏன் போனார்கள், மாடியில் யார் யார் இருக்கிறார்கள், வெளி ஆட்கள் யாராவது வந்துபோவார்களா, கேட்டை எப்போது பூட்டுவீர்கள், அக்கம்பக்கத்தில் சண்டை சச்சரவு உண்டா. கேட்கக் கேட்க ஆச்சியின் முகம் உஷாரானது. எங்கே வேலை என்றார். கண் ஆஸ்பத்திரி, பரிசோதகர் என்றேன். தேனப்பன் டாக்டர் இருக்காகளே, அங்கனயா என்றார். அவர் பிரிவில்தான் என்றேன். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. உக்காருங்க, காப்பி சாப்பிடுறீகளா, ஃபேனைக் கூட்டி வைக்கவா. வாடகையை அவர்களே குறைத்தார்கள். எம்பொண்ணு இருட்டுனா கேட்டைத் தாண்ட மாட்டா என்று ஆச்சி சொன்னார். நான் அதைக் கேட்கவே இல்லை. என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சாதி இல்லை, ஆதார் இல்லை. மஸ்கட் கடைசிவரை என் வாயிலேயே இருந்தது.

இத்தனை பேர் இத்தனை கேட்ட ஊரில் ஒன்றுமே கேட்காத ஒரு வீடு. போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வேறு வீடும் இல்லை.

முகைக்குக் கழுத்தில் வேர்க்குரு வந்திருக்கும். பவுடரை அப்பாமல் துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சத்தியப்பிரியா


காரைக்குடி
மே 7

திரு. சரவணகுமார் அவர்களுக்கு,

பதிலை எதிர்பார்க்கவில்லை. வரவும் இல்லை. நலம் என்றே கொள்கிறேன்.

குடிவந்துவிட்டேன். பால் காய்ச்சும்போது ஆச்சி பித்தளைப் பானையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். பொங்கி வழிந்ததும் என் முகத்தைத்தான் பார்த்தார், பாலைப் பார்க்கவில்லை.

இங்கே நடப்பதை வரிசையாக எழுதுகிறேன். காலையில் தட்டு வருகிறது, வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். சாயங்காலம் இன்னொரு தட்டு, சீப்புச் சீடை. ஒழுகும் குழாயை நான் சொல்வதற்கு முன்பே பிளம்பர் வந்து மாற்றிவிட்டார். நான் வேலை முடிந்து கேட்டைத் திறக்கும்போது மாடியில் தேவாரம் ஆரம்பிக்கிறது. அந்தப் பெண்ணின் குரல். நான் பூட்டைத் திறந்து உள்ளே போனதும் நின்றுவிடுகிறது. ஒருநாள் வேண்டுமென்றே அரைமணி பிந்தி வந்தேன். தேவாரமும் பிந்திற்று. இந்த வெயிலில் அவள் பட்டுக்கரைப் புடவை கட்டிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். ஊற்றிய செடிக்கே திரும்ப ஊற்றுகிறாள்.

ஒப்பந்தம் மட்டும் நகரவில்லை. பத்திரம் வாங்கி நானே தட்டச்சு செய்து கொண்டுபோனேன். நமக்குள்ள எதுக்குங்க பத்திரம் என்று பெத்தாச்சி சிரித்தார். எனக்கு வேண்டும், ஓர் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும் என்றேன். அட இருங்க, எல்லாம் நல்லபடியா முடியட்டும் என்றார். எது முடியட்டும் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் அவர் ஆச்சியைப் பார்க்கிறார்.

அன்றைக்கு நான் நினைத்ததை இப்போது எழுதிவிடுகிறேன். இது உங்கள் வேலை என்று நினைத்தேன். ஒப்பந்தம் இல்லாத ஒரு வீட்டில் என்னை வசதியாக உட்காரவைத்துவிட்டு, பள்ளி திறக்கும்போது இவளுக்கு நிலையான இருப்பிடம் இல்லை என்று சமரச மையத்தில் சொல்லப்போகிறீர்கள். நீங்களோ உங்கள் தம்பி வேல்பாண்டியோ இவர்களோடு பேசியிருக்கிறீர்கள். இப்படி யோசித்துக்கொண்டு போனால் எல்லாமே சரியாகப் பொருந்தியது. பணியாரம்கூட. சந்தேகத்தில் ஓட்டையே இல்லாதபோதுதான் சந்தேகத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

உண்மை வேறு. தீக்ஷாவே சொன்னாள்.

நேற்று ஆச்சி கோயிலுக்குப் போன நேரம் கீழே வந்தாள். சாதாரண நைட்டி. வாசலில் நின்றுகொண்டு, அக்கா, நீங்க அவங்ககிட்ட இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்கீங்க என்றாள். யாரிடம் என்றேன். சும்மா சொல்லுங்க, தேவாரம் பிடிச்சதா இல்ல ஓவரா இருந்ததா என்றாள். நான் விழித்ததைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள்.

தேனப்பன் டாக்டரின் தம்பிக்கு இவளைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் நேமத்தான்பட்டிக்காரர்கள். பேசி முடிக்கும் முன் பெண் வீட்டைப் பற்றி ரகசியமாக விசாரிப்பார்கள். இரண்டு வருடம் முன்னால் வேறு ஓர் இடம் வந்தபோது, வீடு வாடகைக்குக் கேட்பது போல ஒரு பெண்மணி வந்து போனாளாம். அவள் மாப்பிள்ளையின் சித்தி என்பது பின்னால்தான் தெரிந்திருக்கிறது. வந்தவளுக்கு ஆச்சி வெறும் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. தண்ணீரால்தான் நின்றது என்று ஆச்சி இன்றுவரை நம்புகிறார். இப்போது டாக்டர் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி வந்து, மாடியில் யார், யார் வந்துபோவார்கள், சண்டை உண்டா என்று கேட்டால் வேறு என்ன நினைப்பார்? எங்கம்மா சுட்ட சீடை எதுவும் உங்களுக்கில்லக்கா, எல்லாம் டாக்டருக்கு என்றாள் தீக்ஷா.

நான் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்றேன். லூசாக்கா நீங்க என்றாள். பேசி முடியுற வரைக்கும் இப்படியே இருங்க, வாடகை குறைச்சல், பலகாரம் வருது, முடிஞ்சதும் அந்தச் சந்தோஷத்துல பத்திரத்துல கையெழுத்துப் போட்ருவாக. எனக்கும் நல்லது, நீங்க நல்லதாச் சொல்லிட்டீங்கன்னு அம்மா நிம்மதியாத் தூங்குவாக என்றாள்.

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குக் கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். இதை உங்களுக்கு எழுதும்போது, நம் வீட்டில் நீங்கள் இதே வாக்கியத்தைச் சொன்ன ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

உங்களைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தம். இந்த ஒன்றுக்கு மட்டும்.

முகையிடம் ஜன்னல் பக்கம் ஒரு கட்டில் போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். சொல்ல மனமில்லையென்றால் வேண்டாம்.

சத்தியப்பிரியா


காரைக்குடி
மே 20

சரவணகுமாருக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளைக்கே கிடைத்துவிடும் என்கிறார்கள். தயவுசெய்து உடனே படியுங்கள்.

ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் கீழே வந்தார். தட்டு இல்லாமல் வந்தது அதுதான் முதல் முறை. நாற்காலி இருக்க, தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கல்லின் பூவை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தீக்ஷாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பழைய சம்பந்தம் நின்றதற்குத் தண்ணீர் காரணமில்லை, வேறு ஒன்று உண்டு. அது என்ன என்று எழுதமாட்டேன். பெரிய குற்றம் ஒன்றுமில்லை. இந்த ஊரில் பெரிதாக்கலாம், அவ்வளவே. எப்புடியும் உங்க காதுக்கு வந்துரும், நீங்களும் டாக்டருகிட்டச் சொல்லத்தான் போறீக, சொல்லுங்க, ஆனா நான் சொல்ற மாதிரிச் சொல்லுங்க என்றார். எப்படிச் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, இல்ல, மொதல்ல இருந்து சொல்றேன் என்றார்.

ஒருவருடைய பயத்தை நான் எனக்கு வசதியாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஆச்சி, நான் வீட்டுக்காகத்தான் வந்தேன் என்றேன். அதான் தெரியுமே என்றார். இல்லை ஆச்சி, நிஜமாகவே வீட்டுக்காக வந்தேன், என்னை யாரும் அனுப்பவில்லை, டாக்டருக்கு என் பெயர்கூடச் சரியாகத் தெரியாது, சரண்யா என்றுதான் கூப்பிடுகிறார் என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அப்ப அந்தச் சீடையெல்லாம் என்றார். நன்றாக இருந்தது ஆச்சி என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்ப நீ யாரு என்றார். அதுவரை என்னை நீங்க என்றவர். கேட்க எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. ஊரு உலகத்துல எல்லாரையும் விசாரிச்சேன், எம்வீட்டுக்குள்ள குடிவந்தவளை விசாரிக்காம விட்டேனே, எம்புத்தி எங்க போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு இந்த ஊர் என்னிடம் கேட்ட அத்தனை கேள்விகளையும் ஆச்சி மொத்தமாகக் கேட்டார். மஸ்கட் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பிரிந்து இருக்கிறோம், குழந்தை ஓசூரில் அவரிடம் இருக்கிறது, ஒப்பந்தம் இருந்தால் என்னிடம் வரும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அழவில்லை. அவரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. எங்கதை உங்கிட்ட இருக்கு, உங்கதை எங்கிட்ட இருக்கு, அதுக்காக வீடு குடுத்துருவேன்னு நினைக்காத என்றார். விசாரிக்கணும் என்றார். என் அண்ணன் எண்ணைத் தருகிறேன் என்றேன். பொறந்த வீட்டுல கேட்டாத் தங்கம்பாக, அது எதுக்கு எனக்கு என்றார். சம்பந்தம் பேசையில நாங்க சண்டைக்காரக வீட்டுலதான் விசாரிப்போம், அவுக வாயால என்ன வருதுன்னு பாப்போம், உம்புருசன் நம்பரைக் குடு என்றார்.

கொடுத்துவிட்டேன். ஆச்சி அதை சத்யா வீட்டுக்காரர் என்று தன் போனில் பதிந்துகொண்டார். நான் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழிந்ததும் கூப்பிடுவார். பத்திரம் அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் கையெழுத்தில்லாமல் இருக்கிறது. உங்களோடு பேசிய பிறகு போடுவார், அல்லது ஜூன் பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்வார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரியும். முகை அங்கேயே இருக்கவேண்டுமென்றால் உங்களுக்கு ஒரு வார்த்தை போதும். அதுகூட வேண்டாம். அவர் கேட்கும்போது கொஞ்சம் தயங்கினால் போதும். ஆச்சிக்குத் தயக்கம் நன்றாகவே புரிகிறது. சட்டப்படி அதில் குற்றமும் இல்லை. உங்கள் வக்கீல் சந்தோஷப்படுவார்.

நம் கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் வீட்டில் என்னைப் பற்றிக் கல்லூரி விடுதி வரைக்கும் போய் விசாரித்தார்களாம், அத்தை ஒருமுறை சொன்னார். என் வீட்டில் உங்கள் வேலையை மட்டும்தான் விசாரித்தார்கள். நீங்கள் எப்படிப்பட்டவர் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஆச்சி போன பிறகு, இப்போது என்னிடம் வந்து யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். நானும் இப்போது சண்டைக்காரிதானே.

கை நீட்டியதில்லை. கோபம் வந்தால் பேசமாட்டார், வாரக்கணக்கில் பேசமாட்டார், அந்த வீட்டில் இருக்க முடியாது. காசு விஷயத்தில் சுத்தம். தன் அம்மா சொன்னது தப்பு என்று தெரிந்தாலும் வாய் திறக்கமாட்டார். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றும்போது கண்ணில் நுரை போகாமல் உள்ளங்கையால் அணை கட்டுவார், எனக்கு அது வரவே வரவில்லை. பொய் சொல்வார், சின்னச் சின்னதாக, சண்டை வராமல் இருக்க. பெரிய பொய் சொல்லத் தெரியாது.

இவ்வளவுதான் நான் சொல்லியிருப்பேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை. என்னைப் புகழ வேண்டாம், புகழ்ந்தால் ஆச்சி நம்பமாட்டார். மஸ்கட் என்றும் சொல்ல வேண்டாம். என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். அதில் எனக்குப் பாதகமானதும் இருக்கும். இருக்கட்டும்.

தெரியாத எண் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. அடித்து ஓயட்டும் என்று மேசைமேல் கவிழ்த்து வைப்பீர்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கவிழ்க்காதீர்கள். எடுத்துப் பேசுங்கள்.

நீங்களும் நம் மகளும் நன்றாக இருக்கவேண்டும்.

சத்யா